விமானம் வராது என்று சொல்லும் வேலை

முதல் நாளே வேலையை விட்டுவிட நினைத்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரெக்ஸ்டேலிலிருந்து இரண்டு பஸ் ஏறி வந்து சேர்ந்த இடமோ, டொக்டர்மாரைப் பழக்கும் சிமுலேசன் அறை. இந்தப் பனி நாட்டின் வடக்கே, றோட்டில்லாத, விமானத்தால் மட்டும் போகக்கூடிய ஊர்களுக்குப் போகிற குடும்ப டொக்டர்மார் அங்கே பயிற்சி எடுப்பார்கள். கட்டிலில் நோயாளியாக ஒரு பொம்மை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அதன் பிரஷரை ஏற்றி இறக்குவது என் வேலை. டொக்டர் போன் எடுத்தால் நோயாளியை ஏற்ற விமானம் அனுப்பும் கந்தோரில் இருக்கிற ஆளாகப் பேசுவதும் நான்தான். பட்டனை மாறி அழுத்திப் பொம்மையைக் கொன்றுவிடுவேனோ என்று கனவிலும் பயந்திருக்கிறேன்.

ஒருநாள் கேஸ்: பிள்ளை பெற்ற தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை, வெளியே பனிப்புயல். கட்டிலருகே, வடக்கில் பல வருடம் வேலை செய்த உண்மையான நேர்ஸ் ஒருவர் நிற்பார். கேட்டால் மட்டுமே அவர் வாய் திறக்கலாம் என்பது ஒழுங்கு.

அன்று பயிற்சிக்கு வந்த டொக்டர் நிரோஷா. அடுத்த மாதம் வடக்கே போகிறவர். ஒரு ஊசி போட்டார், இரத்தம் நிற்கவில்லை. உடனே போன். காற்று கடுமை, பிளேன் எழும்பாது என்றேன். சற்று நேரத்தில் திரும்பவும் எடுத்தார். அதே பதில். பிரஷரை இறக்கினேன்.

பக்கத்தில் இருந்த பயிற்சிப் பொறுப்பாளர் மதுரா குனிந்தார். "அண்ணை, போன கிழமை ஒரு டொக்டர்ப் பிள்ளை அழுதுகொண்டு போனது. கொம்பிளெயின்ற் வந்திட்டுது. அடுத்த போன் கோலுக்குப் பிளேனைக் குடுங்கோ."

"கேஸ் எழுதின பேப்பரில பிளேன் இல்லைத்தானே, தங்கச்சி."

"பேப்பர் எழுதினதே நான்."

"அப்ப ஏன் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும்."

"உங்கட வேலைக் கொன்ராக்ரும் என்ர மேசையிலதான் கிடக்கு."

போன் அடித்தது.

"பிளேன் வராது," என்றேன் என் உடைந்த ஆங்கிலத்தில். "இன்றைக்கு வரவே வராது. இனி எடுக்க வேண்டாம்."

நிரோஷா போனை வைத்தார். அப்போதுதான் முதல் தடவையாக நேர்ஸின் முகத்தைப் பார்த்தார். "இங்கே இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"கேட்க மாட்டீர்களோ என்று நினைத்தேன்," என்றார் நேர்ஸ். பிரிட்ஜிலிருந்து இன்னொரு மருந்தை எடுத்தார். நிரோஷாவின் கையைப் பிடித்து, வயிற்றில் எங்கே அழுத்துவதென்று காட்டினார். நான் பிரஷரை மெல்ல ஏற்றினேன்.

முடிந்ததும் நிரோஷா என்னிடம் வந்தார். "அங்கிள், அந்த வொய்ஸ் நீங்களா? யூ வேர் ஸோ மீன், கொஞ்சமும் இரக்கமில்லை."

"ஓம் பிள்ளை."

"எடுக்க வேண்டாமெண்டு நீங்கள் சொல்லாட்டி நான் இன்னொருக்காவும் எடுத்திருப்பன்."

"நானும் அதையேதான் சொல்லியிருப்பன்."

மதுரா மேலிடத்துக்கு எழுதினார். கூப்பிட்டு விசாரித்தார்கள். பிளேன் வேண்டுமென்றால் வேறு ஆளைப் போனில் வையுங்கள், நான் இருக்குமட்டும் வராது என்றேன். இரண்டு மாதம் எனக்கு வேலை தரவில்லை. பிறகு கூப்பிட்டார்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

புதிதாகக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து இருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான். பயப்படுங்கள், குற்றமில்லை. ஆனால் பாவம் பார்த்து விமானத்தை அனுப்பாதீர்கள். அனுப்பினால், பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கேட்கப் பழகாமலே அவர்கள் வடக்கே போய் இறங்குவார்கள். அங்கே கட்டிலில் கிடப்பது பொம்மை இல்லை.