நூறு டாலர் மொய்

2025 ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். நானும் என் மனைவியும் அலங்காநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வானம் மூடியிருந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை, புழுக்கம் மட்டும். சட்டைப் பையில் இருந்த மொய்க்கவர் வியர்வையில் நனைந்துவிடுமோ என்று அதை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். கவரில் 2,501 ரூபாய்.

அந்தத் தொகைக்கு வர எனக்கு மூன்று நாள் பிடித்தது. பசுமலையில் எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரின் பேத்திக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வேலை முடிந்த கையோடு அவர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை, பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். 1994 மே மாதம் எங்கள் மகள் திருமணத்துக்கு, லீவில் வந்திருந்த அவர் நூறு சிங்கப்பூர் டாலரை ஒரே நோட்டாக மொய் வைத்தார். மொய் என்பது திரும்பப் போக வேண்டிய பணம். வாங்கியதற்குக் குறையக் கூடாது. மேலே கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். டாலரில் வாங்கியதை எந்த விலைக்குத் திருப்புவது என்பதுதான் என் மூன்று நாள் யோசனை.

அன்றைய விலை இருபது ரூபாய் ஐம்பது காசு, நூறுக்கு 2,050. இன்றைய விலை அறுபத்தாறு ரூபாய் ஐம்பது காசு, நூறுக்கு 6,650. வைத்த நாளில் என்ன மதிப்போ அதுதான் மொய் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மேலே 451 கூட்டியதைத் தாராளம் என்றும் நினைத்தேன்.

தீர்ப்புச் சொன்னபோது ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த நோட்டை நான் மாற்றவே இல்லை. விலை ஏறட்டும் என்று பைபிளுக்குள் வைத்திருந்தேன். 1997இல் இருபத்தைந்தைத் தொட்டது. முப்பது வரட்டும் என்றிருந்தேன். முப்பதும் வந்தது, மாற்றவில்லை. 2013 ஆகஸ்டில் ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்துக்காகப் பொறுத்தேன், இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது எழுபதுக்காகக் காத்திருந்தேன். கையில் இருக்கும் அவருடைய டாலருக்கு இன்றைய விலை, அவருக்குத் திருப்பும் ரூபாய்க்கு அன்றைய விலை. ஒரே நோட்டுக்கு இரண்டு விலை வைத்திருந்தேன்.

மண்டப வாசலில் மொய் எழுதும் மேசை. கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீது கொடுத்தார்கள், தொகையை மைக்கில் வாசித்தார்கள்.

“பசுமலை கணக்கு சார், ரெண்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணு!”

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கொத்தனாரின் மைத்துனர். “எம்புட்டு? மறுக்க வாசிங்கண்ணே,” என்றார். மறுபடி வாசித்தார்கள்.

“எங்க மாமா ஒங்க வீட்டுல சிங்கப்பூர் நோட்டால்ல வச்சாரு? வெயில்ல வெந்து சம்பாரிச்ச காசு சார் அது. கணக்கு வாத்தியாரு கணக்கு நல்லாத்தான் இருக்கு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “அன்னைக்கு ரேட்டு...” என்று நான் ஆரம்பித்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

“தம்பி, அந்த நூறு டாலர இவுக செலவழிக்கவே இல்ல. இன்னைக்கும் பைபிளுக்குள்ள அப்படியே இருக்கு. வீட்டுக்கு வந்து பாருங்க.”

எங்களை வரவேற்க வந்துகொண்டிருந்த கொத்தனார் காதில் இது விழுந்துவிட்டது.

“நெசமாவா டீச்சரம்மா?” என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “நான் வச்ச நோட்ட மாத்தாமயா வச்சிருக்கீக சார்? கேட்டியா மாப்ள? நீ என்னமோ பேசுற.”

மைக்கை வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னார்: “எங்க சார் நான் குடுத்த நோட்ட வேதப் புத்தகத்துல வச்சிருக்காரு!”

கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். மைத்துனர் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டார். “தெரியாமப் பேசிட்டேன் சார், மனசுல வச்சுக்காதீக.” அவர் தெரிந்துதான் பேசியிருந்தார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பந்தியில் உட்கார்ந்தால் இலையில் எத்தனை வகை என்று எண்ணுவது என் வழக்கம். அன்று எண்ணவில்லை. கை கழுவிவிட்டு நேராக மொய் மேசைக்குப் போனேன். என் பையில் எண்ணூறு ரூபாய் இருந்தது. மனைவியிடம் கையை நீட்டினேன். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. மூவாயிரத்து எழுநூறு எண்ணிக் கொடுத்தாள்.

“அதான் வச்சிட்டீகளே சார்?” என்றார் எழுதுகிறவர்.

“கொஞ்சம் விட்டுப்போச்சு. மைக்கில் வாசிக்க வேண்டாம்,” என்றேன்.

மொத்தம் 7,001. டாலருக்கு எழுபது, மேலே ஒரு ரூபாய். இத்தனை வருடம் நான் காத்திருந்த விலை.

கொத்தனார் வாசல்வரை வந்து வழியனுப்பினார். “அடுத்த ஞாயித்துக்கெழம பேரப்புள்ளைகளக் கூட்டிட்டு வாரேன் சார். அந்த நோட்ட அதுக ஒருக்காப் பாக்கணும்.”

“வாங்க,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வெளியே பார்த்தபடியே சொன்னாள்: “அத எதுக்கு வச்சிருந்தீகன்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

“பின்னே ஏன் அப்படிச் சொன்னே?”

“நான் சொன்னதுல பொய் எது?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பெரியார் நிலையம் வருவதற்குள் அன்றைய செலவை மனக்கணக்காகக் கூட்டினேன்.

மொய் 7,001. இனி எழுபது வந்தாலும் எண்பது வந்தாலும் என்னால் மாற்ற முடியாத நோட்டு, இன்றைய விலைக்கு 6,650. பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. எனக்கு மட்டும் போக வர 56. ஆக மொத்தம் 13,707 ரூபாய்.