ஒரே வைஃபை, ஒரே குடும்பம்

செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருப்பவனிடம் ஊர்க்காரர்கள் தங்கள் ரகசியத்தைத் தாங்களே கொண்டுவந்து கொடுப்பார்கள், கூடவே லாக் நம்பரையும். கண்ணாடி மாற்றத்தான் வருவார்கள். போகும்போது குரலைத் தாழ்த்தி, "இது நாம பேசறத ஒட்டுக் கேக்குதா?" என்பார்கள். உங்களுக்கும் கேட்கத் தோன்றியிருக்கும், வெட்கப்படாதீர்கள்.

நான் வரதய்யபாளையத்திலிருந்து தினமும் திருப்பதிக்கு பஸ்ஸில் வந்து வேலை பார்த்தவன். எனக்கும் ஒரு ரகசியம் இருந்தது. நாயுடுபேட்டையில் சொந்தமாகக் கடை போட வேண்டும்; இடம் அமைகிறவரை ஓனர் சீனு அண்ணாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கையிலிருக்கும் வேலையும் போய்விடும்.

முடி காணிக்கை

சித்தூர்க்காரர் ஒருவர் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் காய்வதற்குள் போட்டோவையும் போட்டுவிட்டார். மலையிலிருந்து இறங்குவதற்குள் முடி வளரத் தைலம், விக், முடி நடுகிற ஆஸ்பத்திரி என்று விளம்பரங்கள் வரிசை கட்டிவிட்டன. நேராக எங்கள் கடைக்கு வந்து போனை மேசைமேல் வைத்தார்.

போட்டோவால்தான் வருகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, முன்னால் ஏதாவது தேடினீர்களா என்று கேட்டேன். சொட்டைக்கு மருந்து தேடியதை ஒப்புக்கொண்டார். அந்த விளம்பரங்களை நிறுத்திக் கொடுத்தேன். அப்படியும் அவர் முகம் தெளியவில்லை.

"சாமிக்குக் குடுத்தத திருப்பி வாங்கித் தரேன்றான். இந்தப் பாவம் எனக்கா, அவனுக்கா?"

செப்புக் குடம்

ரேணிகுண்டாவிலிருந்து ஒருவர் வந்தார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். சீருக்காகப் போனிடம் "செப்புக் குடம்" என்று வாயால் சொல்லித் தேடியிருக்கிறார். போனில் இருந்ததோ தெலுங்கு. தெலுங்கில் செப்பு என்றால் செருப்பு. குடத்தை விட்டுவிட்டு, அது செருப்பைப் பிடித்துக்கொண்டது; அன்றிலிருந்து செருப்பு விளம்பரமாக வந்தது.

அதோடு நின்றிருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டார். கல்யாணப் பேச்சுக்கு வந்த மாப்பிள்ளையின் அப்பா, சிக்னல் இல்லையென்று இவர் வீட்டு வைஃபையைப் போட்டுக்கொண்டார். ஒரே வைஃபையில் இருக்கும் போன்களை ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்வது விளம்பரக்காரர்கள் வழக்கம். தாலி கட்டுவதற்கு முன்பே சம்பந்தியைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். அவர் போனிலும் செருப்பு.

மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். மனிதர் எழுந்திருக்கவில்லை.

"வூட்டுக்கு வந்தவனுக்குச் செருப்பக் காட்னாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. அது செம்புன்னு நீ ஒரு போன் போட்டுச் சொல்றியா நைனா?"

புது ஷட்டர்

ஊருக்கு இவ்வளவு விளக்கம் சொல்கிறவன் தன் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருப்பான் என்று நினைப்பீர்கள். இருந்தேன். லொகேஷனை அணைத்தேன், தேடியதைத் தேடிய உடனே அழித்தேன். கஸ்டமர் வராத மத்தியானங்களில் "நாயுடுபேட்டையில் கடை வாடகைக்கு" என்று தேடிக்கொண்டே இருந்தேன். தேடியது எங்கள் கடை வைஃபையில்.

கடைசியில் ஒரு இடம் கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, புது நீல ஷட்டர். பெயர்ப் பலகைக்கு என்ன கலர் என்பது வரை யோசித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அட்வான்ஸ் தருவதாக அதன் சொந்தக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை சீனு அண்ணா போனும் கையுமாக என் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகத் தன் போனைத் திறந்தாலே நாயுடுபேட்டைக் கடைகளாக வருகிறது என்றார். மாட்டிக்கொண்டோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு போட்டோவைக் காட்டினார். என் நீல ஷட்டர். யார் தேடினது என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"சாமியே காட்டுது, உட்டுட முடியுமா? நேத்தே போயி அட்வான்ஸ் குடுத்துட்டேன்பா. அந்தக் கடைய நீதான் பாத்துக்கணும்."

ஆக, விளம்பரத்தால் என் ஆசை நிறைவேறவில்லை என்று நான் குறை சொல்ல முடியாது. நான் தேடிய அதே ஷட்டரைத்தான் தினமும் காலையில் திறக்கிறேன், சீனு அண்ணாவுக்காக.