தல்சு வீட்டுப் பாம்பும் வெந்தரையும்

வோன்ஜு ஊரில், வீட்டுத் தரையைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுது பார்க்கும் பியோ தல்சுவிடம் சூட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. உள்ளங்கையைத் தரையில் வைப்பார், கண்ணை மூடுவார், "இன்னும் ஏத்துங்க" என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டிலும் இறக்கச் சொன்னதில்லை.

மகள் காராம் புசானுக்கு வேலைக்குப் போகும்போது, குட்டியிலிருந்து வளர்த்த மலைப்பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு அப்பாவிடம் விட்டுப் போனாள். கூடவே ஒரு சூட்டுப் பாய். சூடு மிஞ்சினால் தானே கரண்டை நிறுத்தும் ஒரு சின்னக் கருவி.

"பெட்டிக்கு அடியில பாதிக்குத்தான் பாய் போடணும்ப்பா. மீதி குளுமையா இருக்கட்டும். சூடு தாங்கலைன்னா அங்க போயிக்கும்."

அவள் பேருந்து ஏறியதும் தல்சு பாயைச் சுருட்டி அலமாரியில் எறிந்தார். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீட்டில் பாம்புக்குத் தனி அடுப்பா? கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி, மாமனார் வந்தால்கூட அரைமனசோடு விட்டுக்கொடுக்கிற சூடான மூலையில் வைத்தார்.

சில நாளில் பாம்பு தண்ணீர்ச் சட்டியை விட்டு வெளியே வருவதே அரிதானது. வந்தாலும் மூக்கால் மூடியை முட்டியது.

"காராம் அப்பா, அது வேகுது," என்றாள் மனைவி மல்சுன்.

"குளிக்குது. வெந்நீர்க் குளியல் கூடத்துக்குப் போனா நீ இப்படித்தானே ஊறிக் கெடப்ப?"

"எனக்கு எந்திரிச்சு வர வழியிருக்கு. கொதிக்கிற தண்ணியில உக்காந்துக்கிட்டு 'ஆகா, குளுகுளுன்னு இருக்கு'ன்னு நீங்கதான் சொல்லுவீங்க. அதுக்கு அந்தப் பவுசு தெரியாது."

தல்சுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே படுத்துக் காட்டுறேன், பாரு." சட்டையைக் கழற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் வயிற்றோடு குப்புறப் படுத்தார். மதியச் சோறோடு உள்ளே போன சோஜு சாராயம் சும்மா இருக்குமா? குறட்டை கிளம்பிவிட்டது.

எழுந்தபோது தொப்பை கிம்ச்சி ஊறுகாய் மாதிரிச் சிவந்திருந்தது. இரண்டு கொப்புளம் வேறு.

"சுட்டா பொரண்டு படுக்கறதுக்கென்ன?"

"சுடவே இல்லடி. இதமாத்தான் இருந்துச்சு."

சொல்லி முடித்ததும் அவர் பார்வை பெட்டிக்குப் போனது. மூடியைத் திறந்து பாம்பைத் தூக்கினார். அடிவயிற்றுச் செதில் அங்கங்கே சிவந்திருந்தது. புத்தாண்டுக்குக் காராம் வருவாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது? பாம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார்.

மிருக டாக்டர் பாம்புக்குக் களிம்பு கொடுத்தார். "நல்லவேளை, மேல்தோலோட போச்சு. இன்னும் விட்டிருந்தா பொழைக்காது." தல்சு சட்டையைத் தூக்கினார். "இதுக்கு வேற ஆஸ்பத்திரி," என்றார் டாக்டர்.

அன்றைக்கே பெட்டி மேசைக்கு ஏறியது. பாய் பாதிக்கு விரிந்தது. கருவியை மாட்டிவிட்டு, அது நிறுத்துகிறதா என்று தல்சு பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

புத்தாண்டுக்கு வந்த காராம் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பாம்பு சட்டை உரித்துப் பளபளவென்று கிடந்தது.

"அட, எல்லாம் கச்சிதமா வெச்சிருக்கீங்களேப்பா!"

"சூட்டோடயே பொழைக்கிறவன்கிட்டயா சொல்ற?"

புத்தாண்டுச் சூப்புக்கு அரிசிமாவுக் கட்டியை நறுக்கிக்கொண்டிருந்த மல்சுன் கத்தியை நிறுத்தவில்லை.

"இந்தக் குளிருக்கு நம்ம வீட்டுல ரெண்டு பேருக்குத் தோல் உரிஞ்சுது, காராம். இன்னொருத்தர் யாருன்னு சட்டையத் தூக்கிக் காட்டச் சொல்லு."