அப்பா வாய் திறந்த நாள்

எனக்கு முளைத்த பால்பற்களுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்லை. வெல்லப்பாகு நிறம். முறுக்கைக் கடித்தால் முறுக்கு தப்பித்துவிடும், பல்தான் உடையும். ஆறு வயதில் கடைவாய்ப் பற்கள் பாதி தேய்ந்து, சோற்றை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயிலில் கார்டு. அடுத்த வரிசை வீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா. என் பல்லுக்குக் காரணம் அம்மாதான் என்பது அத்தையின் தீர்ப்பு. நான் வயிற்றில் இருந்தபோது கட்டுப்பாடில்லாமல் கருவாடு தின்றாளாம். அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். தினமும் கரித்தூளை எடுத்து என் பல்லைப் போட்டுத் தேய்ப்பாள். கருவாட்டுக்கான தண்டனையை என் ஈறு அனுபவித்தது.

கடைசியில் கிள்ளானில் ஒரு சீனப் பல் டாக்டரிடம் போனோம். அவர் என் வாய்க்குள் பார்த்துவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று மலாயில் கேட்டார். அப்பா இல்லையென்று தலையாட்டினார். அவருடைய மீசை மேலுதட்டைத் தாண்டித் தொங்கும். சிரிப்பு வந்தால் இருமுவார். அதை நான் கண்ணியம் என்று நினைத்திருந்தேன்.

அம்மா அவரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வாயத் தொறந்து காட்டுங்க," என்றாள்.

என்னை இறக்கிவிட்டு அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மீசைக்குக் கீழே அதே நிறம், அதே தேய்வு. "சாமா லா, சாமா," என்று டாக்டர் சிரித்தார். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே பல். பல்லின் உள்பகுதி பிறவியிலேயே மென்மை, ரத்தத்தில் வருவது, தின்றதால் வருவதல்ல என்றார். கரித்தூளை உடனே நிறுத்தச் சொன்னார்.

"அக்காவுக்கும் இதே பல்லுதான்," என்றார் அப்பா மெதுவாக. "வெத்தல போடுறதால தெரியல."

திரும்பும் ரயிலில் அம்மா சன்னலோரம் ராணிபோல உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அத்தை வீட்டுக்குத்தான் நடந்தாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் என் கடைவாய்ப் பற்களுக்குத் தங்கத் தொப்பி மாட்டினார். பள்ளிக்கூடத்தில் நான் கொட்டாவி விட்டால் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். தொப்பியோடு அந்தப் பற்கள் விழுந்து, புதியவையும் வெல்லப்பாகாகவே முளைத்தன. இம்முறை தேயும்வரை காத்திருக்காமல் டாக்டர் உடனே மூடிவிட்டார். அதனால் கடைவாய் பிழைத்தது. முன்பல்லுக்குத் தொப்பி வேண்டாம், கல்யாணம் ஆகாது என்று அத்தை தடுத்துவிட்டாள்.

கல்யாணம் ஆனது. பந்தியில் அப்பளத்தைக் கடித்தேன், முன்பல் ஒன்று உடைந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்குள் அப்பளத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை மட்டும் பார்த்துவிட்டார். என் இலையில் மிச்சமிருந்த அப்பளத்தை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார்.