ஏறுகட்டை செய்த கை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். மற்ற கோபங்களெல்லாம் சோறு ஆறுவதற்குள் ஆறிவிட்டன. இந்த ஒன்றுதான் இன்னும் ஆறவில்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது. ராசிபுரத்தில் எங்களுக்கு இரண்டு தறி, இரண்டிலும் பருத்திச் சேலை. ஒன்றில் அப்பா உட்காருவார், இன்னொன்றில் அண்ணன். குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது நான். எனக்கு இரண்டு வயது இளையவள் என் தங்கை.

கொழும்பிலிருந்து வந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு யோயோ கொண்டுவந்திருந்தார். கயிற்றில் இறங்கும், தானே ஏறி உள்ளங்கைக்கு வரும். எங்கள் தெருவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, ஏறுகட்டை என்று வைத்துக்கொண்டார்கள். அண்ணன் அதை ஒருநாள் இரவல் வாங்கி வந்து, இதென்ன பெரிய வித்தை, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தான். இரண்டு மர வில்லை அறுத்தான், நடுவில் மூங்கில் குச்சி செருகினான். அதுவரை சரி. பிறகு நூலுக்குக் கஞ்சி போட்டான்! தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே பழகிய கை, விளையாட்டுச் சாமானுக்கும் போட்டு, வெயிலில் காயவைத்து, குச்சியில் இறுக்கி முடிச்சும் போட்டுவிட்டது. கட்டை கீழே போனது, விறைத்த நூல் திரும்பச் சுற்றிக்கொள்ளவில்லை, போனது போனதுதான். மூன்று தடவை செய்தான், மூன்றும் அப்படியே. மரம் சரியில்லை என்று மரத்தைத் திட்டினான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் நாள் முழுக்கத் தொடுவது கஞ்சி படாத ஊடை நூல். அதில் இரண்டு இழை எடுத்து முறுக்கி, எதிர்வீட்டுக்காரருடையதில் இருந்ததுபோலவே, முடிச்சுப் போடாமல் குச்சியைச் சுற்றித் தளர்வாக ஒரு வளையம் விட்டேன். கட்டை இறங்கியது, கீழே ஒரு நொடி சுழன்றது, ஏறி என் கைக்கு வந்தது. அன்றைக்கு நான் சோறு தின்ன மறந்துபோனேன்.

அண்ணனின் வில்லைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. வெப்பாலைக் கிளையை வாங்கி நானே ரம்பத்தால் அறுத்து, உளியால் செதுக்கினேன். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டேன். இரண்டு வில்லையையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்ப்பேன்; கனத்ததைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவேன்; கடைசியில் சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்து வழவழப்பாக்குவேன். மரம் வழவழப்பாக ஆக, என் விரல்கள் சொரசொரத்தன. அதை நான் கவனிக்கவே இல்லை. தங்கை பக்கத்தில் வந்து, “நானும் ஒண்ணு தேய்க்கறனே அக்கா” என்பாள். “போடி, கைய அறுத்துக்குவ” என்று விரட்டிவிடுவேன். உண்மையில் என் உளியை இன்னொருத்தி தொடுவது எனக்குப் பொறுக்காது.

நான் செய்ததையெல்லாம் அண்ணன் தெருவில் கொண்டுபோய்ச் சுழற்றினான். எவர் கேட்டாலும் நானே செய்தது என்றான். கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் செய்ய விடுகிறார்களே, அது போதும் என்று பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது என் முதல் முட்டாள்தனம்.

ஆனி மாதத்தில் சேலத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் பட்டு நெய்கிறவர்கள். பட்டுக்காரர்கள் பெண்ணைப் பாடவும் சொல்ல மாட்டார்கள், நடக்கவும் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மடியிலிருந்து ஒரு சிட்டம் பட்டு நூலை எடுத்து என்னிடம் நீட்டினார். “பிரிச்சுக் காட்டு சாமி.”

பிரித்தேன். இழை என் ஆள்காட்டி விரலில் மாட்டியது. எடுத்துவிட்டேன், கட்டைவிரலில் மாட்டியது. நான்காவது இழையில் அறுந்தே போனது.

“ஏனுங்க, பொண்ண வெறகு பொளக்கவா வளத்துனீங்க?” என்று அந்த அம்மாள் அப்பாவைக் கேட்டார்.

“ஆமாங்க, ஊட்டுல வெறகு வேலை கொஞ்சம் சாஸ்திங்க” என்றார் அப்பா. கூசாமல் சொன்னார். மாடத்தில் நான் செய்த ஏறுகட்டை இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா எடுத்துச் சுழற்றிப் பார்த்து அசந்துபோய், இதை யார் செய்தது என்று கேட்டார். “பையன் செஞ்சதுங்க” என்றார் அப்பா. அண்ணன் தலையைக் குனிந்து வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பையன் கெட்டிக்காரன் என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். கையைச் சரி பண்ணி வையுங்கள், ஆடி கழித்து வருகிறோம் என்று போனார்கள்.

அவர்கள் வண்டி தெரு முனை திரும்புவதற்குள் அம்மா என் உளியையும் ரம்பத்தையும் பிடுங்கிக்கொண்டாள். அறுத்து வைத்திருந்த வெப்பாலைத் துண்டுகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. அன்றிலிருந்து காலையும் மாலையும் விரலுக்கு விளக்கெண்ணெய், மேலே துணிக்கட்டு.

“நான் செஞ்சதுன்னு ஏம்மா சொல்லுல?”

“சொன்னா? கட்டையச் செதுக்கற பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லட்டுமா? உனக்கு அப்புறம் இன்னொருத்தி இருக்கறா, ஞாபகம் வெச்சுக்க.”

அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. புத்தியில் ஏறவில்லை. பட்டுக்காரர் வீட்டுக்குப் போனால் ஆயுசுக்கும் உளியைத் தொட முடியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான் போக மாட்டேன் என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தறியை நிறுத்தக்கூட இல்லை. அண்ணனிடம், நீயாவது எனக்காகப் பேசு என்றேன். அவன் மாடத்து ஏறுகட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

ஆவணியில் திரும்பி வந்தார்கள். அதற்குள் என் விரல்கள் குழந்தையின் கன்னம்போல ஆகியிருந்தன. அன்று காலை கொல்லைப்புறம் போனேன். அம்மி கொத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கல் இன்னும் சொரசொரத்தது. பத்து விரல் நுனியையும் அதில் வைத்துத் தேய்த்தேன். இரத்தம் வராமல், தோல் மட்டும் கிளம்பும்படி தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தால் எவ்வளவு கிளம்பும் என்பது எனக்குத் தெரியாதா?

சிட்டம் வந்தது. முதல் இழையே மாட்டியது. வேண்டுமென்றே இழுத்தேன், அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது. மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கியது. அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். ஒழிந்தது என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் சிட்டத்தை மடித்து வைக்கவில்லை. கதவோரம் நின்றவளைப் பார்த்தார்.

“அந்தச் சின்னப் பொண்ணு கையக் காட்டச் சொல்லுங்க.”

அவளுக்குப் பதினாலு வயது. அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “போ சாமி” என்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அவள் கையிலும் சொரசொரப்பு என்று பொய் சொல்லவா? ஒரு பிராய் இலையைக்கூடத் தொடவிடாமல் அந்தக் கையைப் பூப்போல வைத்திருந்தவளே நான்தானே.

தங்கை உட்கார்ந்து சிட்டத்தைப் பிரித்தாள். ஒரு இழைகூடச் சிக்கவில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.