மேலிருந்து மூன்றாவது

பேனல்காரர் திரையில் ஒரு ஸ்லைடரைக் கடைசிவரை இழுக்கிறார். பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறார். ஒரு பெருமூச்சு. பிறகு அடுத்த ஸ்லைடர். நாள் முழுக்க இதே பிழைப்பு.

அவர் வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். வீடியோவை மங்கலாக்க, முகத்தைப் பளிச்சென்று காட்ட எஃபெக்டுகள் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அவற்றை ஆட்டிவைக்கும் ஸ்லைடர்களைத் திரையோரப் பேனலில் வரிசையாக அடுக்கி, பெயர் வைத்து, எடிட்டர்கள் கைவைக்கக் கூடாததை ஒளித்துவைப்பது இவர் பாடு. "இன்னொண்ணு வேணும், இன்னொண்ணு வேணும்னு உயிரை எடுப்பாங்க. குடுத்தா தொடக்கூட மாட்டாங்க," என்று எடிட்டர்களைப் பற்றி அலுத்துக்கொள்வார். வீட்டில் மனைவி அவரை அடுப்படி அலமாரிப் பக்கம் அண்டவிடுவதில்லை. "நீங்க அடுக்கி வச்சா எனக்கு உப்பு கூட கைக்கு அகப்படாது, சாமி!"

அந்தப் பேச்சைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டிருக்கலாம், மனிதர். போன வாரம் நிற எஃபெக்டின் பேனல் கன்னாபின்னாவென்று கிடக்கிறதே என்று, நிறங்களை மேலேயும் வெளிச்சத்தைக் கீழேயும் பிரித்து அழகாக அடுக்கினார். இளவட்டங்கள் "சூப்பர் சார்" என்றார்கள். எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த எடிட்டர் முடித்த படத்தில் மட்டும் முகமெல்லாம் பச்சை தட்டியிருந்தது. வாடிக்கையாளர் காச்சுமூச்சென்று கத்திவிட்டுப் போனார். "அக்காவுக்கு வயசாயிடுச்சு. வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்," என்றார் முதலாளி.

இன்று காலை பேனல்காரர் அக்காவின் பின்னால் போய் நின்றார். அக்கா ஒரு பெயரையும் படிக்கவில்லை. கை தானாக மேலிருந்து மூன்றாவதைப் பிடித்து இழுத்தது. வெளிச்சம் இத்தனை வருடம் குடியிருந்த இடம் அது. இப்போது அங்கே பச்சை.

"கண்ணுல புரை விழுந்திருக்கு தம்பி. நிறமே சரியா தெரியல. அடுத்த மாசம் ஆபரேஷன். அதுவரைக்கும் கைப்பழக்கத்துல ஓட்டிடலாம்னு பாத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாக்கா?"

"நீங்க மாத்துறப்போ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நேரே முதலாளியிடம் போனார். "தப்பு அக்காவோடது இல்ல சார். சொல்லாம கொள்ளாம மாத்துனது நான்." வாங்கிக் கட்டிக்கொண்டார். கண்ணைப் பற்றி மூச்சுவிடவில்லை. "சாயங்காலம் அந்த கத்திட்டுப் போன ஆளு திரும்பி வர்றாரு. அக்காவே சரிபண்ணிக் காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்," என்றார் முதலாளி.

இப்போது வெளிச்சத்தைக் கீழேயிருந்து பிடுங்கி, நிறங்களுக்கு நடுவே செருகுகிறார். அவருக்கு அது பார்க்கவே சகிக்கவில்லை. களைத்துப்போயிருக்கிறார். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைக்கிறார். கலங்கித் தெரியும் திரையில் மேலிருந்து மூன்றாவதைத் தடவிப் பிடித்து, மெதுவாக இழுத்துப் பார்க்கிறார்.