ஆறு வேண்டும், ஒன்று வேண்டாம்

பகல் இரண்டு மணிக்குப் பணி மாறும்போது, கைப்பையை வைப்பதற்கு முன்பே அந்த வார்டு சிஸ்டர் முதல் படுக்கையின் காலடிக்குப் போய்விடுவார். ஃபைலின் முன்பக்கத்தில் செருகியிருக்கும் இளம்பச்சைத் தாளை எடுத்து, நோயாளியின் காதில் விழும்படி வாசிப்பார். உடம்பு திடீரென மோசமானால் எதுவரை போகலாம், எதற்கு மேல் போக வேண்டாம் என்று நோயாளியும் டாக்டரும் பேசி எழுதிய தாள் அது. "இது நீங்க சொன்னது. இன்னைக்கும் அதேதானே? மனசு மாறினா சொல்லுங்க, மாத்திடலாம். கல்வெட்டு இல்ல." இருபது படுக்கை, இருபது தடவை.

மற்ற நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் பேப்பர் அக்கா. "அக்கா பேப்பர் படிச்சு முடிக்கறதுக்குள்ள எங்க டீ ஆறிடுது" என்பார்கள். "ஆறின டீயைச் சுட வச்சுக்கலாம்டி" என்பார், தலை நிமிராமல்.

குள்ளமான உருவம். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு வார்டு முழுக்க அதைத் தேடுவார். கையெழுத்துப் போடாமல் நழுவுகிற டாக்டரை லிஃப்ட் வரை துரத்துவார். "சார், உங்களுக்கு அது ஒரு கிறுக்கல். எங்களுக்கு அது இல்லன்னா கை ஓடாது."

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். சித்தாளாகச் செங்கல் சுமந்தவன், இன்று அறுபத்திரண்டு கட்டடங்களை எழுப்பி நிமிர்ந்து நிற்கிறேன். ஒருவர் வேலை செய்வதைக் கால் மணி நேரம் பார்த்தால் போதும், ஆளை எடை போட்டுவிடுவேன். இந்த அம்மாள் விஷயத்தில்தான் என் தராசு ஏமாற்றியது. சும்மா தாள் வாசிக்கிற ஆள் என்று நினைத்தேன்.

என் மனைவி நுரையீரல் நோயோடு அந்த மூன்றாம் மாடியில் கிடந்து ஏழு வருடங்களாகின்றன. இன்றும் ரத்த அழுத்தம் பார்க்கப் போனால், மாடியேறி அந்த ஜன்னலோரப் படுக்கையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். மருந்து வாடை அதேதான். பிற்பகல் வெயில் அதே கட்டில்காலில் விழுகிறது. அந்த நாட்களை நினைத்தால் அவள் இருமலுக்கு முன்னால் அவளும் அந்த சிஸ்டரும் சிரித்ததுதான் எனக்குக் கேட்கிறது.

"அம்மா, மூச்சு முடியாமப் போனா எதுவரைக்கும் போகட்டும்?" என்று ஒருநாள் சிஸ்டர் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்.

"மாஸ்க் வரைக்கும் போங்க. குழாய் வேண்டாம். போன தடவை தொண்டையில குழாயோட பதினோரு நாள் கெடந்தேன். இந்த மனுஷனை ஒரு வார்த்தை திட்ட முடியல, சிஸ்டர்."

"அதையும் எழுதிடவா?"

"எழுதுங்க. படிச்சுத் திருந்தட்டும்."

இன்னொரு முறை குழாய் போட்டால் அதை எடுக்கவே முடியாமல் போகலாம் என்று பெரிய டாக்டரும் சொல்லிக் கையெழுத்திட்டார். நான் தலையாட்டினேன். ஆனால் எந்த வேலையையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவன் நான். 'குழாய் வேண்டாம்' என்ற ஒரு வரிதான் கண்ணில் நின்றது. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு, யாரும் பார்க்காதபோது, அந்தத் தாளை உருவி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். தாள் இல்லையென்றால் எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்பது அங்கே விதி.

ஒரு மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாய்ந்தது. வேறு வார்டிலிருந்து ஓடி வந்த இளம் டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "தாள் எதுவும் இல்லையே. குழாய் போட்டுடலாம், கருவித் தட்டை எடுங்க" என்றார். என் மனைவி தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். அதைத் திணறல் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் சிஸ்டர் பணிக்கு வந்தார். தோளில் பையோடு நேராக வந்து ஃபைலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, குழாய் வேண்டாம்னா கையக் கட்டிட்டு நிப்போம்னு நினைச்சீங்களா? அதுல வேண்டாம்னு இருக்கறது ஒண்ணு. வேணும்னு இருக்கறது ஆறு. ஆறையும் நான் செஞ்சாகணும். குடுங்க."

குரல் உயரவில்லை. நான் கொடுத்தேன். டாக்டர் படித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார். தலைமாட்டை உயர்த்தினார். மாஸ்க்கை இறுக்கினார். நெஞ்சு விரிய ஆவி மருந்து, டாக்டர் சொன்ன அளவில் டிரிப்ஸ், மூச்சுத்தவிப்பு அடங்க ஒரு சின்ன ஊசி. அதற்கப்புறம் பத்தொன்பது நாள் என் மனைவி என்னை ஆசைதீரத் திட்டிவிட்டுத்தான் போனாள். ஆனால் அந்த நிமிஷத்தில் அது எனக்கு எப்படித் தெரியும்? சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அஞ்சு ஆச்சு" என்றார் சிஸ்டர். ஆறாவதற்கு அவர் மருந்தலமாரிப் பக்கம் போகவில்லை. என்னிடம் வந்து மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிலருகே இழுத்துப் போய், என் கையை அவள் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய ஐந்து விரல்களையும் அதன்மேல் மடக்கிவிட்டார்.